நாலாவது வரி

அந்தம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. கண் ஆய்வுக்கு வந்தவர்களுக்கு அங்கே பெயர் கிடையாது, எண்தான். அவர் பதினேழு, நான் பதினெட்டு. கடைசிவரை அப்படியே ஓடிவிட்டது. அவர் என்னைப் "பதினெட்டு" என்பார், நான் அவரை "அக்கா" என்பேன். மனதுக்குள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு "பதினேழு" என்பேன்.

பூந்தமல்லி பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரி. எங்கள் இரண்டு பேருக்குமே பல வருடச் சர்க்கரை. கண்ணாடி போட்டால் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து சுத்தமாகத் தெரியும். நிறத்துக்கும் நிறத்துக்கும் வித்தியாசம் குறைந்தால்தான் போச்சு. வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் எங்கே முடிகிறது, சிமெண்ட் படி எங்கே இறங்குகிறது, ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பது மாமியாரா பக்கத்து ஃபிளாட்காரியா, ஒன்றும் பிடிபடாது. இதற்கு மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இந்த ஆஸ்பத்திரியில் மட்டும், பயிற்சி கொடுத்துப் பழக்கிப் பார்க்கலாம், ஆறு மாதம் ஆகும், ஆய்வில் சேருகிறீர்களா என்று கேட்டார்கள்.

பயிற்சி என்றால் ஆளுக்கு ஒரு டேப்லட். தினமும் அரைமணி நேரம் அறையை இருட்டாக்கிக்கொண்டு உட்கார வேண்டும். திரையில் சாம்பல் கோடுகள் வரும். இந்தப் பக்கம் சாய்கிறதா அந்தப் பக்கம் சாய்கிறதா என்று பார்த்துத் தொட வேண்டும். சிலருக்கு நிஜப் பயிற்சி, சிலருக்கு ஒப்புக்கு ஒரு பயிற்சி. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, சோதிக்கிற டாக்டருக்கும் தெரியாது. ஆய்வு முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்களாம்.

எனக்கு அது எப்படியாவது வேண்டியிருந்தது. திருமழிசையில் பாக்கெட் அச்சடிக்கிற கம்பெனியில் பதினாலு வருடமாக நான் செக்கிங். காலாவதித் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. வெள்ளிக் காகிதத்தில் சாம்பல் மை. நான் ஓகே சொல்லி அனுப்பியதில் இரண்டு தடவை தேதியே விழாத பாக்கெட்டுகள் திரும்பி வந்துவிட்டன. "இன்னொரு தடவ வந்துச்சுன்னா செக்கிங்ல வைக்க முடியாதும்மா" என்று சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். காட்டுப்பாக்கத்தில் வீட்டுக்காரரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை.

முதல் நாள் சோதனைக்குச் சுவரில் ஒரு பெரிய அட்டை. எழுத்தெல்லாம் ஒரே அளவு, வரிக்கு ஆறு. மேல் வரி கரிக்கட்டை மாதிரி கறுப்பாக இருக்கும். இறங்க இறங்க வெளிறிக்கொண்டே போய், கடைசி வரியில் எழுத்து இருக்கிறது என்று அச்சடித்தவர் வந்து சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். நாலாவது வரியை முழுசாகப் படிக்கிறவர்களைத்தான் ஆய்வில் எடுப்பார்கள் என்று வாசலில் இருந்த ஆயா சொன்னார். போரூரில் என் பழைய டாக்டர் இதே மாதிரி அட்டையைக் காட்டியபோது மூன்றாவது வரியோடு நின்றுபோனவள் நான்.

எனக்கு முன்னால் பதினேழு உள்ளே போனார். அந்த அறைக் கதவு சரியாகச் சாத்தாது. முதல் மூன்று வரிக்கு நான் காது கொடுக்கவில்லை, அவை என் கண்ணுக்கே தெரியும். நாலாவது வரி வந்ததும் கதவோடு ஒட்டிக்கொண்டேன். வி, ஆர், என், ஹெச், ஓ, எஸ். ரேஷன் கார்டு நம்பரை மனப்பாடமாக வைத்திருப்பவளுக்கு ஆறு எழுத்து எம்மாத்திரம்? ஐந்தாவது வரியில் "டி" என்று ஒரு எழுத்து வந்தது. அப்புறம் சத்தமில்லை.

"அடுத்தது என்னம்மா?" என்று சோதிக்கிற பெண் கேட்டாள்.

"தெர்ல."

"தெரியலன்னாலும் ஊகிச்சுச் சொல்லணும்மா. தப்பா இருந்தாலும் பரவால்ல."

"அத்த சொன்னா என் வாயி சொல்றது. நீ கேக்கறது கண்ண. கண்ணுக்கு தெர்ல."

அந்தப் பெண் கெஞ்சினாள். அந்தம்மா அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிழைக்கத் தெரியாத பொம்பளை என்று நினைத்தேன்.

நான் உள்ளே போனபோது கண்ணில் சொட்டுமருந்து விட்டு அந்தம்மாவை மூலையில் உட்கார வைத்திருந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நான் மூன்று வரியை என் கண்ணால் படித்தேன். நாலாவதை, கஷ்டப்பட்டுப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்து, கேட்டது கேட்டபடி ஒப்பித்தேன். ஐந்தாவதில் அந்த "டி"யையும் சொல்லி, குருட்டாம்போக்கில் இன்னும் இரண்டு எழுத்தை விட்டேன். ஒன்று சரியாக விழுந்தது. நாலு வரி, இரண்டு எழுத்து என்று எழுதிக்கொண்டார்கள். ஆய்வில் சேர்ந்தாச்சு. அதுவும் அந்தம்மாவைவிட ஒரு எழுத்து கூடுதல். பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த ஒரு எழுத்தை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

அறுபதைத் தொடுகிற வயது அவருக்கு. பெரிய மூக்குத்தி, காலில் ஆம்பளைச் செருப்பு, பைக்குள் எப்போதும் ஒரு டார்ச் லைட். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளில் விரிசல் பார்க்கிற வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து நெமிலிச்சேரியில் மகனோடு இருந்தார். மாதா மாதம் சோதனைக்கு வரும்போது, வெளியே பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக உட்கார்ந்திருப்போம். நான் கேட்காமலே கதை சொல்வார்.

"தகடு எப்டி பாக்கணும் தெரியுமா? இங்கேருந்து அந்தாண்ட போவணும். ஒரு விரக்கட கீய எறங்கணும். அப்டியே இந்தாண்ட திரும்பி வந்துடணும். மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சன்னு வையி, நடுவுல எங்கியாவது உட்ருவ. போனவ திரும்பி வரசொல்ல இன்னாத்துக்கு சும்மா வரணும்?"

அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. முறத்தில் அரிசி பார்த்தாலும், கடையில் புடவையை விரித்துப் பார்த்தாலும் இப்படிப் போய் அப்படித் திரும்புவேன் என்று சொல்லிச் சிரிப்பார். நான் ம் கொட்டுவேன். எனக்கு அதில் என்ன அக்கறை?

இன்னொரு கதையும் உண்டு. ஒருநாள் அவசரமாக ஒரு தகடு போக வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இவர் மட்டும், விரிசல் கீதுன்னு சொல்லல சார், இல்லைன்னும் எனுக்கு தெர்ல, இங்க வெளிச்சம் பத்தல என்று நின்றுவிட்டார். கடைசியில் நாலு பேர் சேர்ந்து அந்தத் தகட்டை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"விரிசல் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. பளபளன்னு கீது. அரை நாளு வேல கெட்டுச்சு, அத்தினி பேரும் என்னத் திட்னாங்க." சொல்லிவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தகட்டில் ஒரு விரிசலை வைத்துத்தான் கதையை முடித்திருப்பார்கள். நானாக இருந்தால் இரண்டு வைத்திருப்பேன்.

முதல் மாதச் சோதனையிலேயே அவருக்கு ஏறிவிட்டது. நாலு வரி, ஐந்து எழுத்து. எனக்கு மூன்று வரி, இரண்டு எழுத்து. இப்போது ஆளுக்கு ஓர் அட்டை மாற்றிவிட்டார்கள், கதவில் காதை வைத்துப் பயனில்லை. இரண்டாவது மாதம் அவருக்கு ஐந்து வரியும் மூன்று எழுத்தும். எனக்கு மூன்று வரி, நாலு எழுத்து. முதல் நாளைவிட எனக்குக் குறைந்திருக்கிறதே என்று டாக்டரம்மா கவலைப்பட்டார். சின்ன வயசு, நல்ல மாதிரி. "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா உங்களுக்கு நிறுத்திடணும்மா. பயிற்சியால கெடுதல் ஆகுதோன்னு நாங்க பாக்கணும்" என்றார்.

நிறுத்துவதா? என் செக்கிங் வேலை கண் முன்னால் போனது. கூடவே ஒன்று நிச்சயமாகிவிட்டது. பதினேழுக்குக் கொடுத்தது நிஜம், எனக்குக் கொடுத்தது ஒப்புக்கு.

அதற்கப்புறம் அவர் வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் வெள்ளைப் பூனை படுத்திருப்பது தெரிகிறது என்பார். நெமிலிச்சேரி ஸ்டேஷன் படியில் ஓரம் எங்கே முடிகிறது என்று கால் தடவாமலே தெரிகிறது என்பார். பேத்தி அழுதால் கன்னத்தில் கண்ணீர் தெரிகிறதாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து உற்று உற்றுப் பார்த்தேன். "என்னம்மா?" என்று பயந்துவிட்டாள். அவர் டேப்லட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருப்பார். அது கீழே விழுந்து உடையக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டது உண்டு. ஒன்றும் ஆகவில்லை. கண் பட வேண்டுமென்றால்கூட நல்ல கண்ணாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

இதில் இன்னும் எரிச்சல் என்னவென்றால், அவர் அதற்காக மெனக்கெட்டதாகவே தெரியவில்லை. "நாலு நாளு குந்தவே இல்ல, மருமவளுக்கு ஜொரம்" என்று டாக்டரிடம் நேராகவே சொல்வார். நானோ, விட்ட நாட்களையும் சேர்த்து முப்பது நாளும் செய்தேன் என்று சொல்கிறவள். ஒரு தடவை பூனை கதையைக் கேட்டு டாக்டரம்மா சந்தோஷமாக எழுதப் போனார். அந்தம்மா கையைக் காட்டித் தடுத்தார். "அத்த எய்திக்காத கண்ணு. அந்தப் பூன தெனம் அங்கதான் படுக்கும். அங்க இருக்கும்னு நெனச்சு பாத்தனோ இன்னாவோ."

வந்த நல்ல பெயரையும் திருப்பிக் கொடுக்கிற திமிர் எனக்கு ஏன் இல்லை என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது மாதச் சோதனைக்குச் சில நாள் முன்னால் எங்கள் இருவரையும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோவில் வந்தோம். மெட்ரோ தூண் ஓரம் நெரிசலில் ஆட்டோ நின்றது. மற்றவர்கள் இறங்கி நடந்துவிட்டார்கள். இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன்.

"அக்கா, உங்களுக்கு வந்ததுதான் நிஜம். எனக்கு ஒப்புக்குக் குடுத்துட்டாங்க. ஒரே ஒரு மாசம் மாத்திக்கலாமா? வெளிய பாத்தா ரெண்டு டேப்லட்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

அவர் என்னையே பார்த்தார்.

"இன்னா பதினெட்டு, மொத நாளு உனுக்கு எத்தினி வரி தெரிஞ்சுது?"

"நாலு வரி, ரெண்டு எழுத்து."

"பேப்பர்ல இன்னா கீதுன்னு கேக்கல."

நான் வெளியே மெட்ரோ தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"நாலாவது வரிய நீ கடைசிலேர்ந்து மொதலுக்கு படிச்ச" என்றார். "எதுத்தாப்புல கண்ண மூடிக்கினு குந்திக்கினு கீறேன், சிரிப்பு தாங்கல எனுக்கு. ஊருல யாரு அப்டி படிப்பா? தகடு பாத்தவதான் படிப்பா. நீ இன்னா தகடா பாத்த?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தம்மா அட்டையையும் தகடு மாதிரித்தான் படித்திருக்கிறார். முதல் வரி இடமிருந்து வலம், இரண்டாவது வலமிருந்து இடம், மூன்றாவது போய், நாலாவது திரும்பி. நான் மூன்று வரியை ஊர் உலகம் படிக்கிற மாதிரி படித்துவிட்டு, நாலாவதை மட்டும் தலைகீழாக ஒப்பித்திருக்கிறேன். சோதித்த பெண் வேலைக்குப் புதுசு. இவளும் அந்தம்மா மாதிரியே படிக்கிறாள் போல என்று பேசாமல் குறித்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பவே ஏன் சொல்லல?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அது உன் தகடு. நான் எப்டி கையெய்த்து போடறது?" என்றார். "சரி, நெஜத்துல எத்தினி தெரிஞ்சுது?"

"மூணு."

"போன மாசம்?"

"மூணு வரி, நாலு எழுத்து."

"அப்போ ஏறிக்கீதேமே!" என்று என் தொடையில் அடித்தார். "பேப்பர்லதான் எறங்கிக்கீது. கண்ணு ஏறிக்கீது. மாத்திக்கணுமாம் மாத்தி!"

வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். என் கண்ணுக்கு ஏறியிருக்கிறது என்பதைக்கூட அந்தம்மாதான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மாதமாக நான் அவருடைய வரிகளையே எண்ணிக்கொண்டிருந்தேன், என் வரியை எண்ணவே இல்லை.

ஆட்டோ நகர்ந்தது. இறங்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "நீ எறங்கினன்னு எய்தினா, இது கண்ண கெடுக்குதுன்னு நெனச்சுக்குவாங்க. நாளிக்கு எவளோ ஒருத்தி வருவா, அவளுக்கு கெடைக்காது. பாத்துக்கோ." செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஆவடி பஸ்ஸைப் பார்த்துப் போய்விட்டார்.

சோதனை நாளன்று அட்டை முன்னால் உட்காருவதற்கு முன்பே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முதல் அளவே தப்புன்னா உங்களை வச்சு நாங்க எதுவும் சொல்ல முடியாதும்மா. ஆய்விலேர்ந்து எடுத்துடணும். டேப்லட்டையும் வாங்கிக்கணும், அதுதான் விதி."

"இன்னும் மூணு மாசம் இருக்கே டாக்டர். எனக்கு ஏறிட்டு வருது."

"தெரியுதும்மா" என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "வந்தது வந்தீங்க. ஒரு தடவை உள்ளபடி பாத்துடலாமா?"

நாலாவது வரி தெரிந்தது. ஆறு எழுத்தும், இடமிருந்து வலம், என் கண்ணால். ஐந்தாவதில் முதல் எழுத்து மூடுபனிக்குள் நிற்கிற ஆள் மாதிரி மெல்லத் தெரிந்தது. அடுத்தது ஓவாக இருக்கலாம், சியாக இருக்கலாம். வாய் தன்னால் திறந்துகொண்டது. மூடிக்கொண்டேன்.

"தெரியல" என்றேன். பாதிதான் வெளியே வந்தது. என்ன என்று அந்தப் பெண் திரும்பக் கேட்டாள். திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் கம்பெனியிலும் அதே வார்த்தையைச் சொன்னேன். செக்கிங்கிலிருந்து எடுத்து சீலிங் மிஷினில் போட்டுவிட்டார்கள். அங்கே கண்ணுக்கு வேலை குறைவு. என் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். பாக்கெட்டைத் தூக்கி ஒரு நொடி பார்த்துவிட்டுத் தள்ளுகிறாள். அவளைப் பார்த்தாலும் எரிகிறது, அது வேறு கதை.

அந்தம்மாவைக் கடைசியாகப் பார்த்தது அந்தச் சோதனை நாளில்தான். ஆய்வு முடிந்திருக்கும். யாருக்கு நிஜம், யாருக்கு ஒப்புக்கு என்று பிரித்திருப்பார்கள். போன் போட்டுக் கேட்டால் சொல்வார்களோ என்னவோ. நான் கேட்கவில்லை. அவருக்கு வந்ததுதான் ஒப்புக்கு வந்தது என்று சொல்லிவிட்டால், இத்தனை நாள் வயிற்றெரிச்சலை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்தச் சோதனை நாளில் டேப்லட்டைக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு வெளியே வந்தபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் பையைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"எத்தினி?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு வரி. அப்புறம் ஒரு எழுத்து."

"என் மொத நாளு" என்றார். "நான் அங்கேருந்துதான் ஏறினேன்."

உள்ளேயிருந்து பதினேழு என்று கூப்பிட்டார்கள். டார்ச்சும் துண்டில் சுற்றிய டேப்லட்டுமாக எழுந்து போனார். நான் கிளம்பியிருக்கலாம். எனக்கு அங்கே இனி ஒரு வேலையும் இல்லை, எண்ணும் இல்லை. கதவு இப்போதும் சரியாகச் சாத்தவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். நாலாவது வரி தாண்டியது. ஐந்தாவது, ஆறு எழுத்தும் நிதானமாகப் போனது. ஆறாவது வரியில் ஒரு எழுத்து, இரண்டு, மூன்று. என் விரல்கள் தீர்ந்து திரும்ப ஆரம்பித்தன. எனக்கு நெஞ்சுக்குள் காந்தியது. அப்புறம் சத்தம் நின்றது.

"தெர்ல" என்றார் பதினேழு.

கூடம் முழுக்கக் கேட்டது. அந்தக் குரலில் துளி வெட்கம் இல்லை. மூன்று எழுத்து தெரிந்த அதே சந்தோஷத்தோடு நாலாவது தெரியவில்லை என்று சொன்னார். ஆறாவது வரியை நான் என்றாவது ஒருநாள் மன்னித்துவிடுவேன். அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் அந்தம்மாவைப் பார்த்து எனக்கு இன்றைக்கும் எரிகிறது.